லாரித் தண்ணீர் எங்கே போகிறது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலை முதலியார்பேட்டையின் நடுவே போகிறது. 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலையைக் கடந்து மரப்பாலம் சந்திப்பை நோக்கிப் போகும் இந்தச் சாலையில் சரக்கு லாரிகளுக்கு என்றும் குறைவில்லை. சித்திரை வெயிலில் இதைப் போன்ற சாலை ஓரத்தில் ஒரு பழைய லாரி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிளீனர் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடி தேடிப் போவார். டிரைவர் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எட்ட நிற்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம்.

இப்படிப்பட்ட லாரி ஒன்றை நாம் சோதித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். டாட்டா 1210 வகையைச் சேர்ந்த பழைய வண்டி. எஞ்சினையும் ரேடியேட்டரையும் சேர்த்து 20 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று கொள்வோம். தினமும் காலையில் 2 லிட்டர் குறைகிறது என்பது டிரைவரின் குறை. ஆனால் வண்டிக்கு அடியில் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படியானால் அந்த 2 லிட்டர் எங்கே போனது?

இதற்கு விடை காண்பதற்கு ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே, பத்தாம் வகுப்பு வரை நீங்கள் படித்த பௌதிகம் பெரும்பகுதி வழியைக் காட்டிவிடும்.

நான்கு நிமிடக் கணக்கு

எஞ்சினுக்குத் தண்ணீர் எதற்கு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடுவதாகவும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். மணிக்கு 10 லிட்டர் டீசல் எரிகிறது. அதன் எடை ஏறக்குறைய 8.4 கிலோகிராம். ஒரு கிலோகிராம் டீசல் எரிந்தால் சுமார் 10,000 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். ஆகவே மணிக்கு 84,000 கிலோகலோரி.

இவ்வளவு வெப்பமும் சக்கரத்தைச் சுழற்றப் போவதில்லை. மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே வேலையாக மாறுகிறது. ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. ஏறக்குறைய கால் பங்கு சிலிண்டர்ச் சுவர்களின் வழியே தண்ணீருக்கு வந்து சேர்கிறது. அதாவது மணிக்கு 21,000, நிமிடத்துக்கு 350 கிலோகலோரி. 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி செண்டிகிரேடுக்குச் சூடாக்க 20 × 70 = 1,400 கிலோகலோரி போதும். ரேடியேட்டர் இந்த வெப்பத்தைக் காற்றுக்குத் தள்ளாமல் இருந்தால், நான்கே நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்! அதன் பின்னும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால், ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி என்ற கணக்கில் 20 லிட்டரும் அரை மணி நேரத்தில் ஆவியாகிவிடும். எஞ்சினின் இரும்பும் சூடாக வேண்டுமே என்று கேட்கலாம். அதைச் சேர்த்தால் சில நிமிடங்கள் கூடும், அவ்வளவுதான்.

ஆதியில் எஞ்சினைக் குளிர்விக்க இப்படித்தான் தண்ணீரைக் கொதிக்கவிட்டார்கள். 1886-இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. 1888-இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிச் சென்றபோது வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. பிறகு வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901-இல் வந்த மெர்சிடிஸ் காரில் அது இடம்பெற்றது. அதன்பின் ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்த முடிந்தது. நம் டாட்டா லாரிக்கும் அந்த வீட்டோடு உறவு உண்டு. 1954-இல் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படிதான் ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரிகள் உருவாகத் தொடங்கின. 1969 வரை அந்த உடன்பாடு இருந்தது.

மூடி என்பது வெறும் மூடியா?

ரேடியேட்டர் மூடியைக் குடத்து மூடி போல எண்ணிவிடக் கூடாது. அதைப் பிரஷர் குக்கரின் வெயிட்டுடன் ஒப்பிடலாம். மூடியின் உள்ளே சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது திறந்து ஆவியையும் நீரையும் பக்கக் குழாய் வழியே வெளியே விடும். நம் லாரியின் மூடி அரை வளிமண்டல அழுத்தத்தைத் தாங்குவது என்று கொள்வோம். வெளியே உள்ள ஒரு வளிமண்டலத்தோடு சேர்த்து, உள்ளே ஒன்றரை வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். எஞ்சின் 95, 100 டிகிரி என்று ஏறும்போது காப்பாற்றுவது இந்தப் பதினொரு டிகிரிதான்.

அழுத்தம் மாறினால் கொதிநிலை மாறும் என்பதை வகுப்பிலேயே காணலாம். ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சு ஒன்றில் கால் பகுதி வரை சுடுநீரை (70 டிகிரி அளவில் இருந்தால் போதும்) எடுத்து, நுனியை அடைத்துக்கொண்டு உள்தண்டை வேகமாக இழுங்கள். தண்ணீர் கொதிப்பதைப் பார்ப்பீர்கள். அடுப்பு இல்லை, அழுத்தம் மட்டுமே குறைந்தது.

கசிவின் உண்மையான தீங்கு இப்போது விளங்கும். கசிவில் போவது தண்ணீர் மட்டுமல்ல, அழுத்தமும் போகிறது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் உள்ளே அழுத்தம் சரியாகத் தங்காது. பதினொரு டிகிரி பாதுகாப்பு போய்விடும். தண்ணீர் 18 லிட்டர் இருந்தும் எஞ்சின் கொதிக்கும். “தண்ணி இருக்கே, அப்புறம் ஏன் சூடாகுது?” என்று பல டிரைவர்கள் வியப்பதற்கு இதுவே காரணம். கொதிக்கும்போது சிலிண்டர்ச் சுவரை ஒட்டித் தண்ணீருக்குப் பதில் ஆவிப் படலம் நிற்கும். ஆவி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். இரும்பு அந்த இடத்தில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறி, ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். சில ரூபாய் விலையுள்ள கிளிப் ஒன்று தளர்ந்ததால் எஞ்சினையே இறக்கி வேலை செய்ய நேர்வது இப்படித்தான்.

டிரைவர் எட்ட நின்றதற்கும் இதுதான் காரணம். 110 டிகிரியில் உள்ள தண்ணீர் அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக இருக்கிறது. மூடியைத் திருகிய அந்தக் கணத்தில் அழுத்தம் போகும். தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்க வேண்டும். 20 × 10 = 200 கிலோகலோரி வெப்பம் ஆவியாக்குவதில் செலவாகும். 200-ஐ 540-ஆல் வகுத்தால் சுமார் 0.37 கிலோகிராம். எடை சிறிதுதான், ஆனால் நீராவியாக அது அடைத்துக்கொள்ளும் இடம் ஏறக்குறைய 600 லிட்டர்! மூன்று பெரிய டீசல் பீப்பாய்கள் அளவுள்ள ஆவி, கொதிநீரையும் வாரிக்கொண்டு, ஒரு சாண் வாய்கூட இல்லாத கழுத்து வழியே முகத்தில் வந்து அடிக்கும். சாக்குத் துணி இதற்குத் தாங்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு, மேல் குழாயைக் கையால் தொட்டு அழுத்த முடிகிற அளவுக்கு ஆறும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மூடியில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும் அல்லவா? அப்போது வெளிக்காற்றை உள்ளே விடுவது அது. அது அடைத்துக்கொண்டால் காலையில் ரப்பர் குழாய் உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடக்கும். இவ்வளவு வேலை செய்யும் பொருளை மிகச் சிலரே மதிக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பிப் பெயர் பெற்றது என்றால், இதைச் செவ்வனே செய்வது எளிதல்ல என்பதை ஊகிக்கலாம்.

முதற்கேள்வி: அது கசிவுதானா?

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, “காலையில தண்ணி எதுவரைக்கும் ஊத்துறீங்கண்ணே?” என்பதுதான். “கழுத்து வரைக்கும் ரொப்பிடுவேன்” என்று டிரைவர் சொன்னால், கணக்கில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

தண்ணீர் சூடானால் விரியும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது அதன் பருமன் சுமார் 3 சதவீதம் கூடுகிறது. 20 லிட்டருக்கு 600 மில்லிலிட்டர். கழுத்து வரை நிரப்பினால் இந்த 600 மில்லி போக இடமில்லை. மூடியைத் தள்ளிக்கொண்டு பக்கக் குழாய் வழியே சாலையில் கொட்டிவிடும். ஆறிய பின் பார்த்தால் அவ்வளவும் குறைந்திருக்கும். மறுபடி கழுத்து வரை ஊற்றுவார்கள், மறுபடி கொட்டும். இது ஓட்டையே இல்லாத கசிவு! இக்காலக் கார்களில் வெளியேறும் நீரைப் பிடித்து வைத்துத் திரும்பக் கொடுக்கத் தனிப் புட்டி இருக்கிறது. பழைய லாரிகள் பலவற்றில் அது இல்லை.

ஆக, 2 லிட்டரில் 600 மில்லியைக் கழித்தால் 1,400 மில்லி. அதுதான் நாம் தேட வேண்டிய கசிவு. வண்டி நாளுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது என்றால் 28,800 வினாடிகள். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு சொட்டு நீரின் அளவு ஏறக்குறைய அதேதான். அதாவது வினாடிக்கு ஒரு சொட்டு! வீட்டில் சரியாக மூடாத குழாய் சொட்டுவதைப் போல. அந்தச் சொட்டு சூடான எஞ்சின் மீது விழுந்தால் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். விசிறிக் காற்று மீதியைப் பின்னால் வீசிவிடும். தரையில் ஈரம் இல்லாததில் வியப்பில்லை.

சுவடு தேடுதல்

தண்ணீர் ஆவியாகலாம், ஆனால் அதில் கரைந்திருந்த உப்பு ஆவியாகாது. ஆகவே ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேட வேண்டும். கசியும் இடத்தில் வெண்ணிறப் பொருக்கோ, துருவின் செந்நிறக் கோடோ இருக்கும். நிறமூட்டிய குளிர்விப்புத் திரவம் ஊற்றிய வண்டியானால் பச்சைக் கறை. கறை எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம், எங்கே முடிகிறதோ அதுவல்ல. நீர் கீழ்நோக்கி ஓடும், காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகையால் கறையைப் பிடித்துக்கொண்டு மேலேயும் முன்னேயும் போக வேண்டும்.

வழக்கமான இடங்கள் சில. ரப்பர் குழாயும் உலோக வாயும் சேரும் கிளிப் ஒன்று. ரேடியேட்டரின் மேல் தொட்டியும் குழாய்களும் சேரும் பற்று இன்னொன்று. எஞ்சின் பிளாக்கை வார்த்தபோது விட்ட துளைகளைத் தகட்டு வட்டங்களால் அடைத்திருப்பார்கள். கோர் பிளக் எனப்படும் இவை துருப்பிடித்து ஊசித்துளை விடுவதுண்டு. வாட்டர் பம்ப்பைத் தனியே சொல்ல வேண்டும். அதன் உடலின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். பம்ப்பின் உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், நீர் பேரிங்குக்குள் புகாமல் இந்தத் துளை வழியே வெளியேறி நமக்குச் செய்தி சொல்லும். இதை ஓட்டை என்று நினைத்துப் பசை வைத்து அடைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். சொட்டு நின்றுவிடும், உண்மைதான். நீர் பேரிங்குக்குப் போகும், பேரிங் உடையும், அதோடு விசிறி போய் ரேடியேட்டரில் இடித்தாலும் இடிக்கும்.

கறை கண்ணில் படாவிட்டால் அழுத்தச் சோதனை. சைக்கிள் கடையில் டியூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியைப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அதைத் திருப்பிப் போடுகிறோம். தண்ணீர் உள்ளே, காற்று வெளியே. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் வாயில் பொருந்தும் அழுத்தமானி வைத்த கைப்பம்பை மாட்டி, மூடியின் அளவான அரை வளிமண்டலம் வரை மட்டும் அழுத்துவார்கள். அதற்கு மேல் போனால் நல்ல பற்றும் விட்டுப் போகும். ஆறிய நிலையில் சொட்டு ஆவியாகாது, கையும் வேகாது. வினாடிக்கு ஒரு சொட்டு இப்போது கண்ணுக்குத் தெரியும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பம்பை மாட்டும் முன் ரேடியேட்டரை ஏறக்குறைய முழுவதும் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஏன்? பாயில் விதியைப் போட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேல் 1 லிட்டர் காற்று இருந்து, 10 மில்லி நீர் கசிந்தால், மொத்த அழுத்தம் 1.5-இலிருந்து 1.485 ஆகும். முள் அசைந்ததே தெரியாது. காற்றிடம் 100 மில்லியாக இருந்தால் அதே 10 மில்லிக்கு 1.5 என்பது 1.36 ஆகிவிடும். முள் கண்ணெதிரே இறங்கும். நம் கணக்கின்படி நிமிடத்துக்கு 3 மில்லி என்றால், இதற்கு மூன்று நான்கு நிமிடங்களே பிடிக்கும். மூடியையும் மறவாமல் தனியே பம்பில் மாட்டிச் சோதிக்க வேண்டும். பல வேளைகளில் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் சொட்டு இல்லை என்றால்தான் கவலை. தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது.

உள்ளே போகும் தண்ணீர்

இவ்வகை லாரிகள் பலவற்றில் உள்ள எஞ்சினுக்கு 697 என்று பெயர். 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 97 மில்லிமீட்டர். பெயரே அளவைச் சொல்லிவிடுகிறது. இந்த ஆறு சிலிண்டர்களையும் சுற்றிலும் உள்ள நீர்வழிகளையும் எண்ணெய் வழிகளையும் ஒன்றுடன் ஒன்று சேராமல் பிரித்து வைப்பது, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஒரு மெல்லிய கேஸ்கட். ஒரு பக்கம் டீசல் எரியும்போது பல பத்து வளிமண்டல அழுத்தம், மறுபக்கம் தண்ணீரில் அரை வளிமண்டலம். கேஸ்கட் ஒரு நூலளவு எரிந்து விட்டால் எது எதைத் தள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓடும்போது புகை தண்ணீருக்குள் புகும். வண்டி நின்றபின், ரேடியேட்டரில் மிச்சமுள்ள அழுத்தம் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். இரண்டு திசையிலும் போக்குவரத்து!

அறிகுறிகள் மூன்று நான்கு உண்டு. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், சூடேறும் முன்பே ரேடியேட்டரில் இடைவிடாமல் குமிழி வரும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் எண்ணெய் கறுப்பாக இல்லாமல் பால் கலந்த காப்பி போல இருக்கும். எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளை ஆவி நிற்காது. குமிழி வெறும் காற்றா, எரிந்த புகையா என்பதில் ஐயம் வந்தால் வேதியியல் துணைக்கு வரும். சுண்ணாம்பு நீரில் கரியமில வாயு பட்டால் பால் போலாகும் என்று படித்திருக்கிறீர்கள். மெக்கானிக்குகளுக்கென்று விற்கும் சோதனைத் திரவத்தில் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் இருக்கும். ரேடியேட்டர் வாயிலுள்ள வாயுவை அதன் வழியே உறிஞ்சினால், கரியமில வாயு அமிலத்தன்மை தந்து நீலத்தை மஞ்சளாக்கும். மஞ்சளானால் கேஸ்கட்டோ, ஹெட்டோ போய்விட்டது என்று பொருள்.

இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது ஆபத்து. இரவில் ஒரு சிலிண்டரில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் ஸ்டார்ட்டரைத் திருகியதும் பிஸ்டன் மேலே வரும். காற்றானால் அழுங்கும், தண்ணீர் அழுங்காது. வளைவது கனெக்டிங் ராடுதான்.

பழுது பார்த்தல்

ரப்பர் குழாய் என்றால் எளிது. விரல்களால் அழுத்தும்போது மொறமொறவென்றோ, சோற்றுக் கஞ்சி போல் கொழகொழவென்றோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். வழியில் வெடித்துவிட்டால் சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி ஒர்க்ஷாப் வரை வந்து சேர்வார்கள். அப்போது மூடியை இறுக்காமல் அழுத்தம் ஏறாதபடி ஓட்டுவார்கள். பதினொரு டிகிரியை விட்டுக்கொடுத்து வீடு வந்து சேரும் உபாயம் அது. மெதுவாகத்தான் வர வேண்டும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை என்றால் ரேடியேட்டர் பட்டறைக்குப் போகும். அங்கே அதைக் கழற்றி, வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பார்கள். இப்போது பழையபடி சைக்கிள் கடை முறைதான். ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு திரவத்தைத் தடவி, ஈயம் வைத்து ஒட்டுவார்கள். அந்தத் திரவம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, குமிழி அடங்கும் வரை விட்டுவைத்தது. வாயுவாக வெளியேறியது ஹைட்ரஜன், மிஞ்சியது துத்தநாகக் குளோரைடு. பித்தளை மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து, ஈயம் பிடிக்க வழி செய்வது அதன் வேலை. பற்றுக்குப் பயன்படுவது தனி ஈயமல்ல, வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. 63-க்கு 37 என்ற விகிதத்தில் இது 183 டிகிரியிலேயே உருகும். கலவையின் ஒவ்வோர் உலோகமும் தனியே உருகும் வெப்பநிலையைவிட இது குறைவு என்பது கவனிக்கத் தக்கது. பித்தளை உருக 900 டிகிரியை ஒட்டி வேண்டும். எனவே பற்று உருகும்போது குழாய்க்கு ஒன்றும் ஆகாது. காரீயம் நஞ்சு. பட்டறையில் வேலை செய்பவர் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. இக்கால அலுமினிய ரேடியேட்டர்களுக்கு இந்த வித்தை செல்லாது. அலுமினியத்தின் ஆக்சைடு படலம் இத்திரவத்துக்கு எளிதில் மசியாது, தொட்டிகளும் பிளாஸ்டிக்.

கேஸ்கட் என்றால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புதுக் கேஸ்கட்டை வைத்து மூடுவதோடு வேலை முடியாது. எரிந்ததற்குக் காரணம் ஹெட் வளைந்ததாக இருக்கலாம். நேர்ச்சட்டத்தை ஹெட்டின் முகத்தில் வைத்து, இடையே மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் முகத்தைக் கடைந்து சமன் செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்க வேண்டும்.

வழியில் செய்யும் வேறு வைத்தியங்களையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள் தூளைப் போடுவது டிரைவர்களிடையே பழகிய முறை. நுண்ணிய தூள் நீரோடு ஓட்டைக்குப் போய் அங்கே சேர்ந்து அடைக்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உறைந்து அடைக்கும். இரண்டும் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் மஞ்சளுக்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் குறுகிய குழாய் என்று தெரியாது. ஓட்டையை அடைத்த பின் நல்ல குழாய்களையும் அடைக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் முழுவதையும் கழுவிவிட்டால் குற்றமில்லை, அதையே பழுது பார்த்ததாக எண்ணி ஓட்டுவதுதான் தவறு. நம் பக்கத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. “வெயில் ஊரில் இது எதற்கு?” என்பார்கள். எஞ்சின் தன் வெப்பநிலைக்கு வரத் தாமதமாகும், டீசல் அதிகம் செலவாகும், சிலிண்டர் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால், குளிர்ச்சிக்குப் பதிலாகச் சூடுதான் மிகும்.

என்ன தண்ணீர்?

கசிவு நீடிப்பதில் இன்னொரு கேடு ஒளிந்திருக்கிறது. தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதில் என்ன இருக்கிறது? கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள கிணற்று நீர் என்று கொள்வோம். சூடானதும் அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வீட்டில் வெந்நீர்த் தவலையின் உட்புறம் வெள்ளையாகப் பற்றியிருப்பது அதுதான். நாளுக்கு 2 லிட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 240 கிராம் உப்பு உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி தங்கினாலே போதும். இந்தப் படிவு வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய 20 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். கடற்கரை ஊர்க் கிணறுகளில் உப்பு நீர் புகுவதும் உண்டு. அதிலுள்ள குளோரைடு துருவை விரைவுபடுத்தும். அது கோர் பிளக்கைத் தின்னும், மீண்டும் கசிவு.

கொதிக்கவைத்து வடிகட்டிய நீர் இதைவிட நல்லது. வாலை வடித்த நீரும் எத்திலீன் கிளைக்காலும் துருத் தடுப்பானும் கலந்த திரவம் எல்லாவற்றையும்விட நல்லது. குளிர் நாட்டில் உறையாமல் இருப்பதற்காக ஊற்றுகிறார்கள். புதுச்சேரியில் உறைய வாய்ப்பேது? நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத் தடுப்பானும், சரிபாதி கலந்தால் 107 டிகிரி வரை உயரும் கொதிநிலையும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு, சிறுநீரகத்தை அழிப்பது. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும், வடித்ததைத் தெருவில் விடுவதும் கூடாது. நாயும் பூனையும் நக்கிவிடும்.

வேலை முடிந்து மீண்டும் நிரப்பும்போது, மூடியைப் போடாமல் எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை உள்ளே அடைபட்ட காற்று குமிழியாக வெளிவந்து மட்டம் இறங்கும். அதை ஈடுசெய்து, கழுத்துக்கு விரிவிடம் விட்டு நிறுத்தி, மூடியைப் போட வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு குச்சியை விட்டு மட்டத்தைப் பார்த்துக் குறி கீறிக்கொள்ளலாம். முதல் நாள் சிறிது இறங்கினால் அது மிச்சக் காற்றின் இடம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஈரம் அதே குறியில் நின்றால் வண்டியைப் பாரம் ஏற்ற அனுப்பலாம். மூன்றாம் நாளும் இறங்கினால், பம்பை மறுபடி மாட்ட வேண்டியதுதான்.